மஞ்சுளா பயிற்சி முடித்தவள் என்றார்கள்

சென்ற மாதம் சித்தூரிலிருந்து ஹரிணி என்ற பெண் போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். அரசுப் பணத்தில் நடக்கும் தொழிற்பயிற்சி மையங்களுக்கு நேரில் போய், அங்கே பயிற்சி உண்மையாகவே நடக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் அந்த நாற்காலிக்குரிய வேலை.

"மேடம், இனிமே நாங்க ஊரு ஊரா அலைய வேணாமாம். டிரெய்னிங் வர்றவங்க மொகத்தை போன்ல காட்டுனா அட்டெண்டன்ஸ் விழுந்துடும். ஆபீஸ்ல ஒக்காந்தே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. வெயிலில் பஸ் மாறி மாறி சத்தியவேடு வரை போய்வருவது லேசான காரியமில்லை.

"நல்லதுமா" என்றேன். போனை வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கேட்டாள்: "ஆனா நேர்ல போயி நீங்க என்னதான் மேடம் பாப்பீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் நகரிக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சைக்கு இங்கிலீஷ் என்று வளர்ந்தவள். அரசு வேலையில் சேர்ந்த முதல் வருடங்களைத் தபால் பிரிப்பதிலும் தட்டச்சு செய்வதிலும் கழித்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பயிற்சி அலுவலகத்துக்கு மாற்றலாகி, நரசிம்முலு சாரின் கீழ் போட்ட பிறகுதான் வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.

அங்கே நடந்தது இதுதான். ஏரிக்கரை ஓரம், மலையடிவாரம், காலனி என்று வேலை வாய்ப்பே எட்டிப் பார்க்காத இடங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில் கற்றுத்தர அரசாங்கம் பணம் ஒதுக்கியது. தையல், கணினி, ஓட்டல் வேலை, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இப்படி. கற்றுத்தருவது தனியார் மையங்கள். ஆள் சேர்த்தால் ஒரு பங்கு பணம், பயிற்சி முடித்தால் ஒரு பங்கு, வேலையில் அமர்த்தினால் மிச்சப் பங்கு. தலைக்கணக்கில் பணம் என்று வைத்துவிட்டால் சிலருக்குத் தலை மட்டும் போதும் என்று தோன்றிவிடுகிறது. எல்லா மையமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல மையங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எது நல்ல மையம் என்று உள்ளே போகும் முன் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவதுதான் எங்கள் பிழைப்பாக இருந்தது.

நரசிம்முலு சார் ஒல்லியான மனிதர். எப்போதும் அரைக்கைச் சட்டை, காலில் தோல் செருப்பு. மையத்தில் போடும் நாற்காலியில் உட்கார மாட்டார். கொடுக்கும் தண்ணீரைக் கூடக் குடிக்க மாட்டார். "வெய்யில்ல வந்திருக்கீங்க சார், கொஞ்சம் மோராவது" என்று கெஞ்சுவார்கள். "டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு" என்பார். எந்த டாக்டர், எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. தெலுங்குக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அந்தத் தமிழில் பாதி தெலுங்குதான்.

முதல்முறை என்னை அழைத்துக்கொண்டு போனபோது மையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டார். நான் பொறுமையிழந்து, "போலாமா சார்?" என்றேன்.

"நாம வந்த வேலையே இங்கதானம்மா" என்றார். "உள்ள இருக்கிறவன் நமக்கு எதை வேணும்னாலும் காட்டுவான். டீக்கடைக்காரனுக்குக் காட்டுறதுக்கு அவனுக்கு டைம் இருக்காது." பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பி, எதிரில் படிக்கிற பெண்கள் மத்தியானம் டீ குடிக்க வருவார்களா என்று விசாரித்தார். "அங்க எங்க சார் பொண்ணுங்க? எப்பனா ஒரு நாளைக்கு வேன்ல வந்து எறங்கும், சாயங்காலம் ஏறிப் பூடும்" என்றார் அவர்.

உள்ளே போனால் சார் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளை. கிராமத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தச் செருப்புகளில் அந்த ஊர் மண் இருக்கவேண்டும். கரும்பு வயல் நடுவே இருக்கிற மையத்தில் எல்லாச் செருப்பும் சுத்தமாகக் கிடந்தால், வந்தவர்கள் நடந்து வந்தவர்கள் இல்லை. அடுத்து கழிப்பறை. தினமும் ஆட்கள் இருக்கிற இடத்தில் வாளி நனைந்திருக்கும். தையல் மையம் என்றால் மெஷினின் ஊசித்தட்டைக் கழற்றச் சொல்வார். ஓடுகிற மெஷினில் அடியில் பஞ்சுத்தூசி அடைந்திருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மெஷினில் எண்ணெய் வாசம்தான் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் சொல்லிக்கொடுத்த ஒன்றுதான் எனக்குக் கடைசி வரை கைகொடுத்தது. "பேரு கேக்கக் கூடாதம்மா. கேட்டா சொல்லிக்குடுத்த பேரை சொல்லிடுவாங்க. அவங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப பேரு சொல்லிக் கூப்பிடு. யாரு திரும்புறாங்கன்னு பாரு. சொந்தப் பேருக்குக் கழுத்து தானா திரும்பும்."

ஒருமுறை மெஷினை வைத்தே ஒரு மையத்தைப் பிடித்தோம். நகரியில் நான் பார்த்த தையல் மெஷின் ஒன்றின் பலகையில் யாரோ ஒரு குழந்தை ஆணியால் மயில் கீறி வைத்திருந்தது. அடுத்த வாரம் புத்தூரில் வேறொரு மையத்தில் அதே மயில் என்னைப் பார்த்தது. மெஷின்கள் லாரியில் ஊர் ஊராகப் போய், நாங்கள் வரும் நாளில் எங்களுக்கு முன்னால் இறங்கியிருக்கின்றன.

அதில்தான் எனக்கு உறுத்தல் ஆரம்பித்தது. நாங்கள் வரும் நாள் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? ஆய்வுக்குப் போகும் இடத்தைக் காலையில் ஜீப்பில் ஏறிய பிறகுதான் சார் சொல்வார். அப்படியும் பாதி இடங்களில் நாங்கள் போய் இறங்கும்போது வாசலில் கோலம் ஈரம் காயாமல் இருக்கும். டிரைவர் குமார்தான் வழியில் நிறுத்தி போன் செய்கிறான் என்று சார் முடிவு செய்தார். குமாரை மதனப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவன் என்னிடம் வந்து, "நான் எதுவும் பண்ணலம்மா, எம் பசங்க மேல சத்தியமா" என்று அழுதான். வேறு டிரைவர் வந்தார். கோலம் அப்போதும் ஈரமாகத்தான் இருந்தது. அதன்பின் அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு கேள்வி எழும். அடுத்த மேஜைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனால், மனைவியோடு பேசத்தான் போகிறார் என்று தெரிந்தும், காதைத் தீட்டிக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் மஞ்சுளா வந்தாள்.

கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவள். அம்மா மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிறவள். அப்பா கரும்பு வெட்டுகிறவர். பன்னிரண்டாவது பாஸ் செய்திருந்தாள். சித்தூரில் நர்சுகளுக்கு உதவியாக இருப்பதற்கான பயிற்சி தொடங்கியிருந்தது. உண்மையான பயிற்சி, ஆஸ்பத்திரியோடு சேர்ந்து நடத்துவது, முடித்தவர்களுக்குத் திருப்பதியில் வேலை உறுதி. அதில் சேரப் போயிருக்கிறாள். கணினியில் விரலை வைத்தவுடன், இவள் ஏற்கனவே ஓட்டல் அறை பராமரிப்புப் பயிற்சி முடித்தவள், திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறாள் என்று வந்திருக்கிறது. ஒருவருக்கு ஒருமுறைதான் இலவசப் பயிற்சி என்பது விதி. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நான் திருப்பதியில வேல செய்யறேனாம் மேடம்" என்றாள் என் மேஜைக்கு முன் நின்று. "நான் திருப்பதிக்குப் போனதே மொட்ட போட ஒரு தபா. அதுவும் சின்ன கொயந்தையா இருக்கச்சொல."

நான் முதலில் சந்தேகப்பட்டது அவளைத்தான். ஒரு பயிற்சியில் சேர்ந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, இன்னொன்றில் சேர வருகிறவர்கள் உண்டு. குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டேன். யார் எங்கே எப்போது கைரேகை எடுத்தார்கள் என்று கேட்டதும் சற்று யோசித்தாள்.

"போன வருசம் ஒருத்தரு வந்தாரு. காலனியில எல்லாருக்கும் கேஸ் அடுப்பு வரப்போதுன்னு சொல்லி கைநாட்டு வாங்கிக்கினு, போட்டோ எடுத்துக்கினு போனாரு. எங்கம்மா கூட குட்த்தாங்க. அடுப்பு இன்னும் வந்துக்கினேதான் இருக்குது."

"அதுக்கப்புறம் யாராவது வந்தாங்களா?"

"யாரும் வர்ல மேடம். எம் பேர்ல எவளோ வேல செய்றா. அவ மூஞ்சிய நான் ஒரு தபா பாக்கணும்."

அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். பொய் சொல்கிறவர்கள் அந்த அலுவலகத்தில் அழுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மஞ்சுளா பயிற்சி முடித்ததாகக் கணினியில் இருந்த கார்வேட்டிநகரத்து மையத்தை நடத்துகிறவர் பிரபாகர். இன்னும் சில மண்டலங்களிலும் அவருக்கு மையங்கள் இருந்தன. வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், எல்லாரையும் அக்கா, அண்ணா என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர். அவர் மையத்தில் முடித்தவர்கள் எல்லாருக்கும் வேலை கிடைத்திருந்தது. அது ஒன்றே எனக்கு அவர்மேல் சந்தேகம் வரப் போதுமானதாக இருந்தது. திருப்பதி லாட்ஜுக்குப் போய் மஞ்சுளா முதலானவர்களை வேலையிடத்தில் நேரில் பார்த்ததாக எங்கள் அலுவலகம் ஏற்கனவே உறுதி செய்திருந்தது. போனவர் நரசிம்முலு சார்.

இதை அவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாளுக்கு லீவு கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"திருச்சானூர் வரைக்கும் போய்ட்டு வரேன் சார். வேண்டுதல்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிடம் எனக்கே புரியவில்லை. அவர் பார்த்த வேலையைச் சரிபார்க்கிறேன் என்று தெரிந்தால் வருத்தப்படுவார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மஞ்சுளாவைப் புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொன்னேன். இருவரும் திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். நல்ல சுடிதார் போட்டு, தலைநிறைய கனகாம்பரம் வைத்து வந்திருந்தாள். வழியெல்லாம் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது அந்த லாட்ஜ். மொட்டை போட்ட குடும்பங்கள் வரவேற்பறையில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரிடம் அடையாள அட்டையைக் காட்டி, மஞ்சுளாவைப் பார்க்கவேண்டும் என்றேன். முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரியாகிவிட்டது.

"அவுனா மேடம்? போன் பண்ணியிருந்தா கீழ வரச்சொல்லியிருப்பேனே. இரண்டாவது மாடியில இருக்கா. கூப்பிடறேன்."

"வேணாம், நானே போறேன்" என்று படியேறிவிட்டேன். மஞ்சுளா என் பின்னால் வந்தாள். மேனேஜர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் மேலே போய்விட்டோம்.

நீண்ட நடைவழி. நீலப் புடவை சீருடையில் நான்கைந்து பெண்கள் அறைக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி அழுக்குத் துணியை வண்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் மஞ்சுளா சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் சத்தமாகக் கூப்பிட்டேன். "மஞ்சுளா!"

நடைவழியில் ஒரு தலையும் அசையவில்லை. என் பக்கத்தில் நின்றவள்தான் திடுக்கிட்டு, "இன்னா மேடம்?" என்றாள்.

அதற்குள் மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். "இதோ மேடம், இவதான் மஞ்சுளா" என்று துணி வண்டிக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணைத் தோளைத் தொட்டுத் திருப்பினார். நாற்பது வயதிருக்கும். காதோரம் நரை. "உன் பேரு சொல்லும்மா மேடத்துக்கு."

"மஞ்சுளா" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

என்னோடு வந்த பெண் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். வழியெல்லாம் என்னென்ன திட்டவேண்டும் என்று சேர்த்துவைத்துக்கொண்டு வந்திருப்பாள் போல.  "அக்கா, அது எம் பேரு" என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜரைக் கீழே அனுப்பிவிட்டு, காலியாக இருந்த ஓர் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண்ணின் பெயர் வள்ளி. சத்தியவேடு பக்கம். புருஷன் இல்லை. பிரபாகர் மையம் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அந்த லாட்ஜில் வேலை பார்க்கிறாள்.

"மேனேஜர் சொன்னாரு, ஆபீஸருங்க வந்தா இந்தப் பேர சொல்லுன்னு. எனக்கு ஒரு பேரு, அவளுக்கு ஒரு பேருன்னு எல்லாருக்கும் குட்த்தாரு. ஒரு பேருதானே, சொன்னா இன்னா கொறஞ்சுடப் போதுன்னு நெனச்சேன் மேடம்" என்றாள் வள்ளி. பிறகு மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்டி ஒரு பொண்ணு நெசமா இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. சும்மா எழுதிக்கினாங்கன்னு நெனச்சேன்."

"இதுக்கு முன்னாடி ஆபீஸர் யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஒல்லியா ஒரு சாரு வந்தாரு. கீயயே ஒக்காந்துக்கினாரு. எங்கள வரிசையா நிக்க வெச்சு பேரு கேட்டாரு. சொன்னோம். காபி குட்ச்சிட்டுப் போனாரு."

 எனக்கு வள்ளி சொன்னதில் பொய் எதுவும் தெரியவில்லை. அவளுக்கு அந்த மனிதரைப் பற்றிப் பொய் சொல்லக் காரணமும் இல்லை. எழுந்து வரும்போது வள்ளி வாசல்வரை வந்து, "எம் பேர எய்திடாதீங்க மேடம். எனக்கு இத்த வுட்டா வேற வேல இல்ல" என்றாள். எழுதமாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை.

மறுநாள் காலை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் காபியைத் தவிர. லீவு எடுத்துப் போனதற்கு அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானும் போனேனேம்மா அங்க. அந்தப் பொண்ணுகிட்ட பேரு கேட்டேன். மஞ்சுளான்னுதான் சொன்னா."

கேட்டேன் என்றார். கேட்கக் கூடாது என்பது எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று. நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு சும்மா இருக்கமாட்டா சார். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழமை மனு குடுக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா" என்றேன். அது பாதி உண்மை. மனு கொடுக்கச் சொன்னதே நான்தான்.

"அப்ப விசாரணை வெச்சிடலாம்" என்றார்.

அந்த விசாரணையை அவர் நடத்திய விதத்தை இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் மாடி ஹாலில், பக்கத்து மாணவர் விடுதியிலிருந்து ஓர் இரும்புக் கட்டிலையும் மெத்தையையும் கொண்டுவந்து போடச் செய்தார். மேலே மடித்த வெள்ளைப் போர்வை ஒன்றும் தலையணை ஒன்றும். பிரபாகரும், மஞ்சுளாவுக்கு மூன்று மாதம் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பயிற்சியாளர் கிரணும் வந்தார்கள். கிரண் மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன். மஞ்சுளா தன் அப்பாவோடு வந்து ஓரமாக நின்றாள். பேச்சு தெலுங்கில் நடந்தது. எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் தருகிறேன்.

"இந்தப் பொண்ணு உங்ககிட்டதான் படிச்சாளா?" என்று சார் கேட்டார்.

"ஆமா சார்" என்றான் கிரண்.

"என்ன சொல்லிக்குடுத்தீங்க?"

"ரூம் க்ளீனிங் சார். பெட் மேக்கிங். எல்லாம்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, பாக்கலாம்."

கிரண் பிரபாகரைப் பார்த்தான். பிரபாகர் சிரித்தார். கிரண் போய்ப் போர்வையை உதறினான். அது குறுக்குவாட்டில் விழுந்தது. எடுத்துத் திருப்பிப் போட்டான். ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறுபக்கம் மெத்தை தெரிந்தது. ஓரத்தை எதற்குள் செருகுவது என்று தெரியாமல் மெத்தையைத் தூக்கினான். தலையணை கீழே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சார் அவசரப்படுத்தவும் இல்லை. அவன் வேர்த்துக் கொட்டி, போர்வையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"நெர்வஸ் ஆயிட்டாரு சார்" என்றார் பிரபாகர்.

"பரவால்ல. நீங்க மையத்தோட முதலாளி. நீங்க வந்து போடுங்க."

பிரபாகரின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கிரண் போர்வையைக் கீழே போட்டான். "சார், நான் பி.காம் படிச்சவன். எனக்கு இதெல்லாம் தெரியாது. என்னை போட்டோ எடுக்கத்தான் வெச்சாங்க. பேட்ச்சுக்கு ஒரு தடவை எல்லாரையும் ஒக்காரவெச்சு போட்டோ எடுப்பேன். இந்தப் பொண்ணை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

 மஞ்சுளாவின் அப்பா மெதுவாக மகளிடம் தமிழில் கேட்டார்: "அப்ப நீ படிக்கலன்னு ஒத்துக்கினாங்களா?"

"ஆமா நைனா. நான் படிக்கலன்னு ஒத்துக்கினாங்க."

இவ்வளவு சந்தோஷமாக அந்த வாக்கியத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஊர் மையம் மூடப்பட்டது. மஞ்சுளாவின் பெயரிலிருந்த பதிவை நீக்க மேலே எழுதினோம். நீக்குவதற்கு இருந்த வழியைக் கண்டுபிடிப்பதற்கே அவர்களுக்கு மாதங்கள் ஆயின. பயிற்சி கொடுத்ததாகக் காட்டத்தான் அந்தக் கணினிக்குத் தெரியும், கொடுக்கவில்லை என்று சொல்ல அதில் இடமே இருக்கவில்லை. அதற்குள் நர்சு உதவியாளர் பேட்ச் நிறைந்துவிடும் நிலை. அப்போது நரசிம்முலு சார் சித்தூர் மையத்துக்கு அவரே போன் செய்து, பதிவு வரும்போது வரட்டும், பெண்ணை வகுப்பில் உட்கார வையுங்கள், பொறுப்பு என்னுடையது என்றார். விதிப்படி அவர் அதைச் செய்திருக்கக்கூடாது. செய்தார். மஞ்சுளா முடித்துவிட்டு, இப்போது திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பிரசவ வார்டு. போன வருடம் கல்யாணமும் ஆகிவிட்டது.

ஆனால் பிரபாகரின் மற்ற மையங்களை நாங்கள் தொடவில்லை. அவற்றையும் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது, "அது நம்மகிட்ட வந்த கேஸ் இல்லம்மா" என்றார் சார். காலனியில் கைரேகை கொடுத்த மற்றவர்களின் பெயர்கள் எங்கெங்கே என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தன என்பதையும் யாரும் தேடவில்லை. அவர்கள் கேட்டு வரவில்லை, கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. நான் தனியாகச் சிலரைக் கண்டுபிடித்து எழுதினேன். அந்த எழுத்து மேலே போனது, திரும்பி வரவில்லை.

வள்ளியைப் பார்க்க மறுபடி அந்த லாட்ஜுக்குப் போனேன். அவள் அங்கே இல்லை. நான் அவள் பெயரை எழுதாமல் விட்டதால் பயன் இருக்கவில்லை. யார் பேசியது என்று மேனேஜருக்குத் தெரியும். எங்கே போனாள் என்று துணி வண்டிக்காரப் பெண்களிடம் கேட்டேன். "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு நடைவழியின் கோடியைப் பார்த்தார்கள். அவர்களும் யாரிடம் எதைச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சார் ஓய்வு பெற்றார். நான் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். அவர் கற்றுக்கொடுத்தபடியே டீக்கடையில் உட்கார்ந்தேன், செருப்பைப் பார்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சில இடங்களில் கோலம் காய்ந்திருந்தது, சில இடங்களில் ஈரமாக இருந்தது. அவர் போன பிறகு ஈரக் கோலங்கள் குறைந்தனவா என்று ஹரிணி கேட்டால், குறைந்தன என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அப்போது பாதி மையங்களே மூடிவிட்டிருந்தன. எதனால் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்கு ஓய்வுக்கு முந்திய வருடம் சாரின் மகளுக்குத் திருப்பதியில் கல்யாணம். வீட்டுக்கே வந்து அழைத்தார். போனேன். பெரிய மண்டபம். பந்தியில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெள்ளைச் சட்டையில் பிரபாகர். என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. இப்படி ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க." அவரே இலை போட்டார். பிறகு பழைய நண்பரைக் கேலி செய்வதுபோல, "லாட்ஜுக்கு வந்தீங்க பாருங்க, அந்த ஒரு தடவைதான் மேடம் நீங்க வர்றது எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

"மத்த தடவை எல்லாம் யார் சொன்னாங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம். சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பருப்பு கொண்டுவரச் சொல்லி யாரையோ கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

சாப்பிட்டு எழுந்தபோது நரசிம்முலு சார் கைகழுவும் இடத்துக்கே வந்துவிட்டார். பட்டு வேட்டியில் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. என் கண் பந்தியின் பக்கம் போனதைப் பார்த்திருப்பார்.

"அவரு மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம்மா" என்றார். "சம்பந்தம் பேசி முடிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது."

"அப்படியா சார்" என்றேன்.

இருக்கலாம். எங்கள் பக்கத்தில் யாரை எடுத்தாலும் சுற்றி வளைத்து யாருக்காவது சொந்தமாகத்தான் இருப்பார்கள். மாப்பிள்ளை வீடு புத்தூரில். எந்தத் தெரு என்றும் தெரியும். ஒரு பஸ் பிடித்துப் போய், எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்குப் பிரபாகர் என்ன உறவு என்று விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு புத்தூர் வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். இதுவரை அங்கே இறங்கவில்லை.